சடங்கு முடிந்த பிறகு

ஈப்போ, மலாயா
3-12-1947

வடிவுக்கு,

இதை வாசித்துக் காட்டுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் அவளை உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் யாராவது பெண்கள் இருந்தால் நல்லது. அதன் பிறகு மேலே வாசியுங்கள்.

நான் பொன்னுலிங்கம். உயிரோடு இருக்கிறேன்.

போன மாதம் நம் ஊர்ப்பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒருவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். நான் யாரென்று சொல்லாமல் அண்ணன் வீட்டைப் பற்றிக் கேட்டேன். பேச்சோடு பேச்சாக, "பகவதியப்பனுக்கத் தம்பியா? அவரு சயாமுல செத்துப் போனாருல்லா" என்று என்னிடமே சொன்னார். அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. நீ இப்போது அண்ணன் வீட்டில் இல்லை, கொட்டாரத்தில் தனியாக இருக்கிறாய் என்றும் சொன்னார். வேறொன்றும் அவருக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். ஜப்பான்காரன் வந்த பிறகு எங்கள் தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றி, சயாம் காட்டுக்குள் ரயில் பாதை போடக் கொண்டுபோனான். சின்னமுட்டத்து மரியஜானும் கூட இருந்தான். அங்கே காலரா வந்தது. நானும் விழுந்தேன். பிழைக்க மாட்டார்கள் என்று தோன்றியவர்களைத் தனியாக ஒரு கொட்டகையில் போடுவார்கள். என்னையும் போட்டார்கள். அதற்குள் போன யாரும் திரும்பி வந்து மரியஜான் பார்த்ததில்லை. மறுநாள் அவனை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். அவன்தான் ஊரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். அவன்மேல் குற்றமில்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னான்.

சண்டை முடிந்த பிறகும் வெகுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். எழுந்த பிறகு ஏன் எழுதவில்லை என்று நீ கேட்பாய். பயம்தான் காரணம். ஊரில் பஞ்சம் என்று கேள்விப்பட்டேன். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரிந்துகொள்ளப் பயந்து நாளைத் தள்ளினேன்.

ஞானம் எப்படி இருக்கிறாள்? நான் கப்பல் ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இப்போது பள்ளிக்கூடம் போவாள் அல்லவா? கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருக்கிறேன். அளவுதான் தெரியவில்லை. ஒரு நூலில் அவள் கை அளவை எடுத்து உறையில் வைத்து அனுப்பு.

பொன்னுலிங்கம்


அய்யா துணை

கொட்டாரம்
1948 தை 15

பொன்னுலிங்கம் என்று எழுதியவருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறையாம். எனக்கு அப்படித் தொடங்க வரவில்லை.

உங்கள் கடிதத்தை யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. சந்தையில் என் கடையில் வாழைக்குலை இறக்கிக்கொண்டிருந்தபோது தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். உட்காரச் சொல்ல அங்கே ஆளில்லை. நின்றுகொண்டுதான் வாசித்தேன். வாசித்து முடித்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வாங்க வந்தவருக்கு மட்டிப்பழம் எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு கடிதத்தை எடுத்து மறுபடியும் வாசித்தேன்.

நான் இதை யாரிடமும் காட்டவில்லை. போன வருடம் தோவாளைப் பக்கம் ஒரு வீட்டுக்கு இப்படித்தான் சயாமிலிருந்து ஒருவன் வந்தான். தாடியும் தழும்புமாக இருந்ததால், காணாமல் போன மகன்தான் என்று நம்பினார்கள். இருந்து சாப்பிட்டான். பிறகு வீட்டிலிருந்த நகையோடு போய்விட்டான். அந்தத் தாய் பித்துப் பிடித்துக் கிடக்கிறாள். நான் அப்படி ஆக மாட்டேன்.

என் புருஷனுக்குச் சடங்கு முடிந்தது. அண்ணன் வீட்டு முற்றத்தில் ஊர்ப் பெண்கள் சுற்றி நிற்க என் தாலியை அறுத்தார்கள். எட்டு முழம் வெள்ளையைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அதைத்தான் உடுத்துகிறேன். இவ்வளவும் ஆன பிறகு ஒரு காகிதம் வந்து நான் இருக்கிறேன் என்றால் எப்படி நம்புவது?

நீங்கள்தான் அவர் என்றால் ஒன்று சொல்லுங்கள். ஊரைவிட்டுப் போன அன்று காலையில் என்னிடம் கடைசியாக என்ன பேசினீர்கள்? அது எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஞானத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் நீங்கள் யார் என்று எனக்குத் தெரியட்டும்.

சண்முகவடிவு


ஈப்போ
20-2-1948

வடிவு,

அன்று காலையில் கிளம்பும்போது நான் உன்னிடம் பேசவே இல்லை. முந்தின நாள் நமக்குள் சண்டை. நீ உன் அம்மா வீட்டுக்குப் போய் இருக்க மாட்டேன் என்றாய், நான் கை ஓங்கினேன். காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் இறங்கிவிட்டேன். பாலம்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். நீ குளித்த ஈரத் தலையோடு வாசலில் நின்றாய். "என்னத்த மறந்துட்டு வந்திய?" என்றாய். "வெத்தலப் பெட்டி" என்றேன். நீ உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தாய். நான் மறந்துபோனது வெற்றிலைப் பெட்டி இல்லை என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டுபேரும் சொல்லவில்லை.

போதுமா? நான்தான் வடிவு. நான்தான்.

உன் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. நீயே வாசித்தாய் என்று எழுதியிருக்கிறது, உனக்கோ எழுத்துத் தெரியாது. கல்யாணப் பத்திரத்தில்கூடக் கைநாட்டுத்தான் வைத்தாய். இவ்வளவு சுத்தமாக யார் எழுதித் தருகிறார்? ஆணா, பெண்ணா? நீ ஒருத்தி தனியாக இருக்கிற இடத்தில் அவருக்கு என்ன வேலை? நான் சந்தேகப்படவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

இதைக் கண்டதும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடு. அவருக்கும் எழுதியிருக்கிறேன். கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறாவது கட்டிக்கொள், வெள்ளையை எடுத்து எறி. நீ சந்தையில் உட்கார்ந்து வாழைக்குலை விற்பதாகப் பிறகு இங்கே வந்த இன்னொருவரும் சொன்னார். கேட்டுத் தலை குனிந்தேன். இனிமேல் அந்தத் தேவை இல்லை. சித்திரையில் கப்பல் கிடைத்தால் வந்துவிடுவேன்.

இந்தக் கடிதத்திலாவது ஞானத்தைப் பற்றி இருக்கும் என்று உறையைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தேன். நூல் இல்லை. ஏன்?

பொன்னுலிங்கம்


அய்யா துணை

கொட்டாரம்
1948 பங்குனி 22

அத்தானுக்கு,

நீங்கள்தான். சரி.

நம்பிய பிறகு சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். அதற்குள் உங்கள் கடிதத்தின் பாதிக்கு வந்துவிட்டேன்.

இது என் கையெழுத்து. யாரும் எழுதித் தரவில்லை. நீங்கள் முதலில் போட்ட கடிதங்களை அண்ணன் வாசித்துக் காட்டுவார். வீட்டில் எல்லோரும் சுற்றி இருப்பார்கள். எனக்கென்று நீங்கள் எழுதிய ஒன்றிரண்டு வரியை அவர் செருமிக்கொண்டு தாண்டிப் போய்விடுவார். அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சண்டை வந்து தபால் நின்றது. அடுத்த கடிதம் வரும்போது நானே வாசிக்க வேண்டும் என்று மயிலாடிப் பள்ளிக்கூடத்து டீச்சர் ராகேலிடம் போய்க் கேட்டேன். அவளுக்கும் என் வயதுதான். "படிச்சு என்ன செய்யப் போற?" என்றாள். "எனக்க மாப்பிளைக்கக் கடுதாசிய வாசிக்கணும்" என்றேன். வருடக்கணக்கில் படித்தேன். கடிதம்தான் வரவில்லை. நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டாமல் வாசித்தது பஞ்சகாலத்து அரிசி அட்டை.

அப்படிப் படித்த எழுத்தைப் பார்த்து நீங்கள் ஆணா பெண்ணா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே அண்ணன் சந்தைக்கு வந்தார். எல்லோரும் பார்க்க, "ஏட்டி வடிவு, ஒனக்க மாப்பிள உயிரோட இருக்கான். இனி இங்க ஒனக்கு என்ன சோலி? கடையப் பூட்டிட்டு வீட்டுக்கு நட" என்றார்.

"எனக்க கடைய நான் ஏன் பூட்டணும்?" என்றேன்.

"பூட்டச் சொன்னது அவன்."

"அவிய போயிட்டாவன்னு சொல்லி வெள்ள உடுத்தி விட்டதும் நீங்கதான். இப்பம் இருக்காவன்னு சொல்லிக் கூப்பிடுகதும் நீங்கதான். எனக்கு என்ன தோணுதுன்னு ஒருத்தரும் கேக்கலயே."

அவர் கையில் வைத்திருந்த குடையால் ஒரு குலையைத் தட்டிக் கீழே தள்ளினார். பிறகு தோப்புத் தோப்பாகப் போய், "தம்பி வாற வரைக்கும் இவளுக்கு ஆரும் குலை குடுக்கப்படாது" என்று சொல்லிவிட்டார். போன சந்தைக்கு எனக்கு ராகேல் வீட்டுக் குலைகளைத் தவிர வேறு வரவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். செத்துப்போன புருஷன் எனக்குச் செய்யாத கெடுதலை இருக்கிற புருஷனான நீங்கள் ஒரு கடிதத்தில் செய்துவிட்டீர்கள்.

இப்போது வர வேண்டாம். நான் சொல்லும்வரை கப்பல் ஏற வேண்டாம்.

வடிவு


ஈப்போ
12-7-1948

வடிவு,

உன் பங்குனிக் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதுகிற மூன்றாவது கடிதம் இது. முந்தின இரண்டுக்கும் பதில் இல்லை. கிடைத்தனவா என்றும் தெரியவில்லை. இங்கே நிலைமை சரியில்லை. போன மாதம் பக்கத்துத் தோட்டங்களில் துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுவிட்டார்கள். ஊரடங்கு போட்டிருக்கிறார்கள். இருட்டினால் நாங்கள் குடியிருக்கும் லயத்தைவிட்டு வெளியே வரக்கூடாது. பட்டாளம் வந்து பாய் தலையணையைக்கூடக் கிளறிப் பார்க்கிறது. உன் கடிதங்களையும் பிரித்துப் பார்த்தார்கள். "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்றான் ஒருவன். "என் பெண்டாட்டி என்னை வர வேண்டாம் என்கிறாள்" என்றேன். சிரித்துவிட்டுக் கொடுத்துவிட்டான்.

கையெழுத்தைப் பற்றி நான் எழுதியது தப்பு. அண்ணன் தாண்டிப் போன வரிகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. இங்கே மழை பெய்யும்போதெல்லாம் நம் வீட்டுக் கொல்லையில் தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்கிறது, நீ நினைவுக்கு வருகிறாய் என்று எழுதியிருந்தேன். அதைத்தான் அவர் செருமித் தாண்டியிருக்கிறார்.

நானும் ஒன்றை உன்னிடம் தாண்டிப் போனேன். எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. காட்டில் மூங்கில் கீறிய புண் அழுகிப்போய், உயிர் பிழைக்க வேண்டுமே என்று எடுத்துவிட்டார்கள். கட்டை வைத்து நடக்கிறேன். இனி தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்ட முடியாது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸருக்குக் கூடமாட நிற்கிறேன். புண் கழுவி, மருந்து வைத்துக் கட்டுவது என் வேலை. என் கோபம் உனக்குத் தெரியும். அந்தக் கோபக்காரனிடம்தான் இங்கே பிள்ளைகள் புண்ணைக் காட்டிக்கொண்டு பயமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. எனக்கே ஆச்சரியம்தான்.

நொண்டிக்கு யார் சோறு போடுவது என்று நீ நினைத்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஞானத்தைப் பற்றி ஒரு வரி எழுது வடிவு. கோபத்தை என்மேல் காட்டு, பிள்ளையை மறைத்துக் காட்டாதே. கட்டிக் கொடுத்துவிட்டாயா? அந்த வயது இல்லையே. யாருக்காவது தத்துக் கொடுத்தாயா? எதுவாக இருந்தாலும் எழுது. மனது எங்கெங்கோ போகிறது. ஒரு இடத்துக்கு மட்டும் போக விடாமல் பிடித்து வைத்திருக்கிறேன்.

பொன்னுலிங்கம்


அய்யா துணை

கொட்டாரம்
1948 ஆவணி 8

அத்தானுக்கு,

நீங்கள் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிற இடத்துக்கே போய்விடுங்கள். ஞானம் இல்லை.

முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். அதனால் முழுதும் எழுதுகிறேன்.

மரியஜான் வந்து சொன்னது நாற்பத்தாறு மாசியில். என்னை அண்ணன் வீட்டின் பின்கட்டு அறையில் இருக்கச் சொன்னார்கள். ஞானம் என்னோடுதான் இருந்தாள். உங்கள் முகம் அவளுக்கு நினைவில்லை. ஆனாலும் சதா உங்களைப் பற்றித்தான் கேட்பாள். ஆடியில் ஊர் முழுக்க வாந்தியும் பேதியும் வந்தது. அரிசி கிடையாது, மரச்சீனிக் கிழங்குதான் சாப்பாடு. அதுவும் அவளுக்குத் தங்கவில்லை. வைத்தியர் வந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

மத்தியானம் கண்ணைத் திறந்தாள். பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. "அம்மா, எனக்கு பயமா இருக்கு. நான் தனியா போவ மாட்டேன்" என்றாள்.

"தனியா இல்ல மக்கா. அங்க அப்பா நிக்காரு. ஒன்னயக் கூட்டிட்டுப் போவ வந்து நிக்காரு" என்றேன்.

"எனக்கு அவியள அடையாளம் தெரியாதே."

"அவியளுக்கு ஒன்னயத் தெரியும்."

அதற்குப் பிறகு அவள் அழவில்லை. என் கையை விட்டுவிட்டு, நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

அத்தான், அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நான் உயிரோடு இருந்தேன். பிள்ளை அவள் அப்பாவிடம் இருக்கிறாள், அவருக்கும் துணையாயிற்று, அவளுக்கும் துணையாயிற்று என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில்தான் சோறு இறங்கியது. பிறகு உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் அங்கே நிற்கவில்லை, ஈப்போவில் நிற்கிறீர்கள். வளையல் அளவு கேட்கிறீர்கள். என் பிள்ளை அங்கே போய் யாரைத் தேடியிருப்பாள்? நான் அவளை யாரும் இல்லாத இடத்துக்குப் பொய் சொல்லி அனுப்பிவிட்டேன். சந்தையில் பெண்கள் என்னைப் பார்த்து, "நீ குடுத்து வச்சவ வடிவு" என்கிறார்கள். நான் தலையை ஆட்டுகிறேன்.

நீங்கள் பிழைத்திருக்கக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்த அன்றுதான் ஞானம் இரண்டாம் தரம் போனாள்.

கடையை ஏன் விட மாட்டேன் என்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை போன பிறகு அந்த வீட்டில் எனக்கு வேலை மட்டும்தான் இருந்தது, பேச்சு இல்லை. ராகேல் ஒருநாள் அவள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மட்டிக் குலையை வெட்டி என் தலையில் வைத்தாள். "சும்மா சுவத்தப் பாத்துட்டு இருக்காத. இத வித்துட்டு வா" என்றாள். சந்தையில் குரல் கொடுத்துக் கூப்பிட வேண்டும். எனக்கு வாயே திறக்கவில்லை. வெள்ளைச் சேலையைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் விலகிப் போனார்கள். பழம் கறுத்துவிடுமே என்ற பதற்றத்தில் சாயங்காலம் ஒரு தரம் கத்திவிட்டேன். "மட்டிப்பழம்! பச்சப்பிள்ளைக்கும் குடுக்கலாம்!" அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஞானம் போன அன்றுகூட நான் அப்படிக் கத்தவில்லை. வாயைப் பொத்திவிட்டார்கள். அன்று சந்தையில் திரும்பத் திரும்பக் கத்தினேன். குலை தீர்ந்தது. தீர்ந்த பிறகும் கத்த வேண்டும்போல இருந்தது.

மறுநாளும் போனேன். போகப்போக, குலையைத் தொட்டதும் எப்போது பழுக்கும் என்று என் கைக்குத் தெரிந்தது. எதை எப்போது விற்பது என்று யாரும் சொல்லாமல் நானே தீர்மானித்தேன்; என் பிழைப்பில் அதுதான் முதல் தடவை. அதில் சேர்ந்த காசில் கடை பிடித்துத் தனியாக வந்தேன். அந்தக் கடையை விட்டுவிட்டு மறுபடியும் அந்தப் பின்கட்டு அறைக்குப் போ என்கிறீர்கள். போனால் நான் செத்துவிடுவேன். இது பயமுறுத்தல் இல்லை.

வடிவு


ஈப்போ
30-9-1948

வடிவு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். டிரெஸர் வந்து தோளைத் தொட்டு, "என்னப்பா?" என்றார். வரிசையில் ஒரு பிள்ளை புண்ணோடு காத்திருந்தது. போய்க் கட்டுப் போட்டேன். கட்டி முடித்த பிறகுதான் அழுகை வந்தது. அந்தப் பிள்ளை பயந்துபோய், "எனக்கு வலிக்கல மாமா, வலிக்கல" என்றது.

ஞானம் அங்கே போய் யாரைத் தேடியிருப்பாள் என்று கேட்டாய். நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது.

அந்தக் காலராக் கொட்டகையில் என் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை கிடந்தாள். குடும்பத்தோடு கொண்டுவந்தவர்களில் ஒருத்தி. அவளுடைய அப்பனை முந்தின நாள்தான் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அது அவளுக்குத் தெரியாது. கண் மங்கிவிட்டது. கையைத் துழாவிக்கொண்டு, "அப்பா, எங்க இருக்கீங்க?" என்றாள். பதில் சொல்ல ஆளில்லை. எனக்கு நாக்கு வறண்டு ஒட்டிக் கிடந்தது. எப்படியோ, "இங்கதான் இருக்கேன் மக்கா" என்றேன். என் விரலைப் பிடித்துக்கொண்டாள். குரல் வேறாக இருக்கிறதே என்று அவள் கேட்கவில்லை. பிடித்த பிடியை விடாமலே போனாள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவ்வளவு நேரம் அவளுக்கு நான்தான் அப்பன்.

உன்னை ஆற்றுவதற்காக இதை எழுதவில்லை. நம் பிள்ளை போன இடத்தில், தன் பிள்ளையைத் தேடிக்கொண்டு யாராவது ஒருவன் நின்றிருப்பான், அவள் கூப்பிட்டபோது அவன் பதில் சொல்லியிருப்பான் என்று நினைத்துப் பார்க்கிறேன். சில நாள் நம்ப முடிகிறது. சில நாள் முடியவில்லை.

நீ பொய் சொல்லவில்லை வடிவு. உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அண்ணனுக்குத் தனியாக எழுதிவிட்டேன். கடை அவளுடையது, அதில் எனக்கோ உங்களுக்கோ சொல்ல ஒன்றுமில்லை, தோப்புக்காரர்களிடம் போய் நீங்களே அதைச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அவரிடம் நான் இப்படிப் பேசியதே இல்லை.

நீ வா என்றால் வருவேன். வேண்டாம் என்றால் இங்கேயே இருப்பேன். புண்ணுக்கு இங்கே குறைவில்லை. வளையல்களை லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

பொன்னுலிங்கம்


அய்யா துணை

கொட்டாரம்
1949 மாசி 4

அத்தானுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. உங்கள் கடிதம் வந்த பிறகு பேப்பரில் மலாயாச் செய்தி வந்தால் பழம் பொதிவதற்கு முன் வாசித்துப் பார்ப்பேன். எங்கோ தோட்டத்தில் சுட்டார்கள் என்று இருந்தால் அன்று முழுக்கக் கை ஓடாது. ஈப்போ என்ற பெயர் இல்லை என்றால் மூச்சு வரும். வா என்று எழுதாமல் இருந்துகொண்டு, உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டும் இருந்தேன். எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

அண்ணன் உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து சத்தம் போட்டார். "காலு போனதோட அவனுக்குப் புத்தியும் போச்சு" என்றார். ஆனாலும் தோப்புகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். இப்போது குலை வருகிறது. சாமித்தோப்புத் திருநாளுக்கு வண்டி வண்டியாக இறக்கினேன். நான் மாதக்கணக்கில் தொண்டை கிழியச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கடல் தாண்டி நீங்கள் எழுதிய நாலு வரி ஏறிற்று. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கோபமும் வருகிறது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பெண்பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தீர்களே. அந்தப் பக்கத்தை மட்டும் ராகேலிடம் வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்து போன பிறகு நான் அழுதேன். ஞானம் போன ஆடிக்குப் பிறகு இப்போதுதான் மனம்விட்டு அழுதிருக்கிறேன்.

வெள்ளையை விட்டுவிட்டேன். உங்களுக்காக இல்லை. கடையில் வாழைக்கறை பட்டால் போவதில்லை, இனி இதைச் சுமக்க வேண்டாம் என்று ஒருநாள் தோன்றியது. கோட்டாறு போய் நீலச் சேலை ஒன்று எடுத்து உடுத்திக்கொண்டு சந்தைக்குப் போனேன். கழுத்தில் ஒன்றுமில்லை, சேலையோ நீலம். இவள் இனி யார் என்று எல்லோரும் பார்த்தார்கள். எனக்கும் அது சரியாகத் தெரியவில்லை. பெண்டாட்டியாக இருந்தது மறந்துபோய்விட்டது. கைம்பெண்ணும் இல்லை. வடிவாக இருக்கத்தான் இப்போது கொஞ்சம் பழகியிருக்கிறேன்.

அதனால் வாருங்கள். ஆனால் சொல்லிவிட்டே கூப்பிடுகிறேன். அண்ணன் வீட்டுக்குப் போகக் கூடாது, இங்கே என் கடைக்குப் பின்னால் உள்ள வீட்டுக்குத்தான் வர வேண்டும். முன் அறையில் உங்களுக்குக் கட்டில் போடுகிறேன். தாலியைப் பற்றி இப்போது பேச வேண்டாம். கை ஓங்கினால் அன்றே வெளியே. சந்தைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்குக் காலில் ஆறாத புண் இருக்கிறது, பார்க்க ஆளில்லை. உங்களுக்கு இங்கே வேலை இருக்கும். எனக்குச் சோறு போட முடியும், உங்களுக்கும் சேர்த்து.

பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வாருங்கள்.

வடிவு


திருநெல்வேலி
1949 வைகாசி 10

வடிவு,

கப்பல் நாகப்பட்டினம் வந்து, ரயிலேறித் திருநெல்வேலி வந்துவிட்டேன். வந்து நாலைந்து நாளாகிறது. ஜங்ஷன் பக்கத்துச் சத்திரத்தில் தங்கியிருக்கிறேன்.

தினமும் காலையில் நாகர்கோயில் பஸ் நிற்கிற இடத்துக்குப் போகிறேன். ஏறாமல் திரும்பி வருகிறேன். நேற்று நம் ஊர் ஆள் ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். சின்ன வயதில் ஒன்றாகக் குளத்தில் குதித்தவர். என்னைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், ஏதோ பிச்சைக்காரன் என்று நினைத்து மடியைத் துழாவினார். நான் திரும்பிக்கொண்டேன்.

சயாமிலிருந்து பிழைத்து வந்தவன் ஒரு பஸ் ஏறப் பயப்படுகிறேன். நீ எழுதியதெல்லாம் எனக்குச் சம்மதம். நீ என்னைப் பார்த்ததும் உன் முகம் எப்படி மாறும் என்பதுதான் பயம். கடிதத்தில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நேரில் அப்படி இல்லை. தலை நரைத்துவிட்டது. ஊரில் எல்லோருக்கும் நான் செத்தவன். அப்படியே இருந்துவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை என்று தோன்றுகிறது.

வா என்று இன்னொரு தரம் எழுது. முடிந்தால் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து நில். இல்லாவிட்டால் நான் திரும்பிப் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பொன்னுலிங்கம்


அய்யா துணை

கொட்டாரம்
1949 வைகாசி 13

அத்தானுக்கு,

பஸ் நிற்கிற இடத்துக்கு நான் வர மாட்டேன். சந்தை நாள், கடையைப் போட்டுவிட்டு வர முடியாது. ஏறுவதை நீங்களேதான் ஏற வேண்டும். நாகர்கோயிலில் இறங்கிக் கன்னியாகுமரி பஸ் பிடித்தால் கொட்டாரத்தில் நிற்கும். இறங்கி, குலைக்கடை எங்கே என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். என் பெயரைச் சொல்லியே கேட்கலாம்.

நீங்கள் வரும்போது நான் வியாபாரத்தில் இருப்பேன். எழுந்து வரவில்லை என்று நினைக்க வேண்டாம். உள்ளே வந்து சாக்கின்மேல் உட்காருங்கள். என் முகம் மாறத்தான் செய்யும். எப்படி மாறும் என்று எனக்கும் தெரியாது. நீங்கள் போகும்போது இருந்த வடிவு இங்கே இல்லை. உங்கள் முகமும் மாறும். அதற்கு நானும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். இரண்டுபேரும் பயந்துகொண்டே பார்த்துக்கொள்வோம்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். முன்னால் எல்லாம் நான் வெள்ளிக்கிழமை தவறாமல் ஞானத்தைப் புதைத்த இடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். உங்கள் முதல் கடிதம் வந்த நாளிலிருந்து போகவில்லை. அவள் முன்னால் போய் எந்த முகத்தோடு உட்காருவது என்று தெரியவில்லை. அப்பா அங்கே நிற்கிறார் என்று சொன்னது நான். இல்லை மக்கா, நான் இங்கே இருக்கிறேன் என்று அவளிடம் நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும். அதை என்னால் தனியாகச் செய்ய முடியாது. நீங்கள் திரும்பிப் போய்விட்டால் அதைச் செய்ய வேறு ஆளில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இளைப்பாறுங்கள். வெயில் தாழ்ந்ததும் கடையைப் பூட்டிவிட்டு இரண்டுபேருமாகப் போவோம். மணல் பாதை, கட்டை புதையும். மெதுவாகவே நடக்கலாம்.

வடிவு